மலைமேல் ஒரு ஜலக் களஞ்சியம்

பாரத தேசத்தின் வட எல்லையில் நிற்கும் பெருமலைக்கு நம் முன்னோர் இமாலயம் என்று பெயர் வைத்தார்கள். ஹிமம் என்றால் பனி. ஆலயம் என்றால் இருப்பிடம். பூகோளத்தின் மறுபக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே, சுமார் 400 மைல் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் செல்கிறது. அதைத் தூரத்திலிருந்து கண்ட ஸ்பெயின் தேசத்தார் 'ஸியரா நெவாடா' என்று அழைத்தார்கள். அவர்களுடைய பாஷையில் ஸியரா என்றால் ரம்பம். ரம்பத்தின் பற்களைப்போல் வரிசையாக நிற்கும் சிகரங்களுக்கும் அதுவே பெயர். நெவாடா என்றால் பனி மூடியது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜனசமூகத்தார் தத்தம் மலைகளை அண்ணாந்து பார்த்து, ஒரே பொருளைக் கண்டு, ஒரே விதமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பொருளைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

முதலில் வார்த்தையில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழில் பனி என்ற ஒரு சொல் பல வேலைகளைச் செய்கிறது. மார்கழி விடியற்காலையில் கோலமிடும் பெண்களின் தலையை நனைப்பதும் பனி. புல் நுனியில் முத்தாக நிற்பதும் பனி. எதிரே வரும் மாட்டு வண்டியை மறைப்பது மூடுபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உப்பைத் தூவினாற்போல் தோன்றுவது உறைபனி. இவற்றுள் எதுவும் இமாலயத்திலும் ஸியரா நெவாடாவிலும் பெய்கிற வெண்பனி அன்று. வெண்பனி மேகத்திலேயே படிகமாகி, பஞ்சுப் பொட்டுக்களாக இறங்கி, தரையில் விழுந்து, விழுந்த இடத்தில் மாதக்கணக்காகக் கிடப்பது. ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் கொடுத்த நாம், அந்த வெண்பனியைக் கண்ணால் காண வேண்டுமானால் ரயிலேறி வடக்கே போகவேண்டியிருக்கிறது.

பொதி என்றால் என்ன?

வெண்பனி பெய்கிற தேசங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு வார்த்தை 'ஸ்நோபாக்' என்பது. ஒரு குளிர்காலம் முழுவதும் மலையின்மீது விழுந்து, உருகாமல் தங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுகிய பனி அனைத்துக்கும் சேர்த்து அந்தப் பெயர். நாம் அதைப் பனிப்பொதி என்று சொல்லலாம். நெல்லை மூட்டையில் கொட்டி அமுக்கிக் கட்டுவதுபோல, வானம் தான் கொட்டியதை மலைமீது அமுக்கிக் கட்டி வைக்கிறது.

இந்தச் சொல்லை வேறு இரண்டு சொற்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பனிப்பொழிவு என்பது ஒரு நாளில் பெய்த பனி, அது வரவு. பனிப்பொதி என்பது பெய்ததில் உருகியதும், ஆவியாய்ப் போனதும், காற்று வாரிக்கொண்டு போனதும் நீங்கலாக எஞ்சி நிற்பது; அது கையிருப்பு. பனியாறு என்பதோ கோடையிலும் கரைந்து தீராமல், வருஷங்கள் பல கூடி, அழுத்தத்தினால் கட்டியான பனிக்கட்டியாகித் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்வது. அது தலைமுறைச் சொத்து. பனிப்பொதி ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்ந்து, பெரும்பாலும் அந்த வருஷத்துக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. மலைகளிலிருந்து இறங்கும் நதிகள் பலவற்றின் கோடைக்கால ஜீவன் இந்த வருஷாந்தரக் கையிருப்பிலேதான் இருக்கிறது.

மழைக்காலமும் வேளாண்மைக் காலமும்

கலிபோர்னியா மாகாணத்தின் நிலைமையைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே மழையும் பனியும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையில்தான். பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் புயல் மேகங்கள் ஸியரா நெவாடாவின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தம் சுமையை இறக்கிவிடுகின்றன. கோடையில் மாதக்கணக்காக ஒரு துளி விழாது. ஆனால் திராட்சையும் வாதுமையும் தக்காளியும் விளைகிற சமவெளிக்கு ஜலம் வேண்டியது அந்தக் கோடையில்தான். வானம் கொடுக்கும் காலம் ஒன்று. பூமி கேட்கும் காலம் வேறு.

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பங்குனிக்கு வைத்துக்கொள்வதற்காகத்தானே நம் நாட்டில் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள்! ஸியரா நெவாடாவில் அந்த ஏரியை இயற்கையே கட்டி வைத்திருக்கிறது. கரையில்லை, மதகில்லை, குளிர்தான் கரை, வெயில்தான் மதகு. டிசம்பர் மத்தியிலிருந்து ஏப்ரல் மத்தி வரையுள்ள நாலு மாதங்களும் நமக்கு முன்பனியும் பின்பனியும். அதே மாதங்களில்தான் அங்கே பொதி ஏறிக்கொண்டே போய் உச்சத்தை அடைகிறது. பிறகு கோடைச் சூரியன் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறான். கலிபோர்னியா சராசரியாக ஒரு வருஷத்தில் உபயோகிக்கும் ஜலத்தில் சுமார் நூற்றுக்கு 30 பங்கு இந்தப் பனிப்பொதியிலிருந்து கிடைப்பதாக அந்த மாகாணத்து நீர் இலாகா கணக்கிட்டிருக்கிறது.

பனி எப்படி முதிர்கிறது

புதிதாய் விழுந்த பனி பெரும்பாலும் காற்று. பத்து அங்குல உயரம் புதுப்பனியை ஒரு பாத்திரத்தில் வைத்து உருக்கினால் சுமார் ஓர் அங்குலந்தான் ஜலம் நிற்கும். நாளாக ஆக, படிகங்களின் கூர்முனைகள் மழுங்கி உருண்டையாகின்றன. மேலே விழும் பனியின் பாரம் கீழே உள்ளதை அமுக்குகிறது. வசந்த காலத்துப் பொதியை உருக்கினால் பத்து அங்குலத்துக்கு நாலு அங்குலம், சில சமயம் ஐந்து அங்குலம் ஜலம் கிடைக்கும். ஆகையால் பனியின் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு அதில் எவ்வளவு ஜலம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பஞ்சு மூட்டையும் நெல் மூட்டையும் ஒரே உயரம் இருக்கலாம். தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பனிக்குள் அடைபட்ட அந்தக் காற்று ஒரு கம்பளியாகவும் உதவுகிறது. வெளியே உறைநிலைக்கு எத்தனையோ பாகை கீழே குளிர் இருந்தாலும், ஆழ்ந்த பொதியின் அடியில் தரை ஏறக்குறைய உறைநிலையிலேயே இருக்கும். எலி போன்ற சிறு பிராணிகள் குளிர்காலம் முழுவதும் அந்த அடித்தளத்தில் வளை போட்டுச் சுகமாகக் காலம் தள்ளுகின்றன.

இவ்வளவு பனியும் வெயில் வந்தவுடன் ஏன் ஒரே வாரத்தில் கரைந்து ஓடிவிடுவதில்லை? பௌதிக சாஸ்திரம் இதற்குப் பதில் சொல்கிறது. உறைநிலையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை அதே உஷ்ணநிலையில் ஜலமாக்குவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் குளிர்ந்த ஜலத்தை உறைநிலையிலிருந்து 80 பாகை வரை சுடவைத்து விடலாம். அதாவது, அடுப்பிலே ஒரு பானை பனியை வெறும் ஜலமாக்கச் செலவாகும் விறகில், ஒரு பானை ஜலம் கொதிநிலைக்குச் சமீபமாகப் போய்விடும். அதோடு, புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. பொதி முழுவதும் மேலிருந்து அடிவரை உறைநிலைக்கு வந்து, துவாரங்களில் ஜலம் ஊறிய பிறகே அடியிலிருந்து நீர் வடிய ஆரம்பிக்கும். அந்த நிலையைப் 'பழுத்தது' என்கிறார்கள் சாஸ்திரிகள். இயற்கையின் இந்த நிதானத்தினால்தான் மார்ச் மாதத்துப் பனி ஜூன் மாதத்து வாய்க்காலில் ஓடுகிறது.

லத்தீன் வாத்தியாரின் குழாய்

பனிப்பொதியை நிறுக்கும் வித்தையை ஒழுங்குபடுத்தியவர் ஒரு பொறியியல் நிபுணர் அல்லர். ஒரு பாஷை வாத்தியார். பள்ளிக்கூடத்திலே காலத்தைக் கழிக்கும் நம் போன்றவர்களுக்கு இது சொல்ல முடியாத மகிழ்ச்சியை அளிக்கிறது. நெவாடா சர்வகலாசாலையில் லத்தீன் முதலிய பாஷைகளைப் போதித்து வந்த ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் என்பவர்தான் அவர். 1869-ம் வருஷம் பிறந்தவர். மலையேறுவதில் அவருக்கு அபாரப் பிரியம். பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ரோஸ் சிகரத்தில், பிறர் அடுப்படியை விட்டு நகராத குளிர்காலத்தில், அவர் ஏறினார். 1905-06-ல் அந்தச் சிகரத்தின் மேல் ஒரு வானிலை ஆராய்ச்சிக் கூடத்தையும் ஏற்படுத்தினார்.

அவர் செய்த கருவி மிக எளியது. நீண்ட உலோகக் குழாய். அதன் அடிவாயில் பற்கள் வெட்டியிருக்கும். அதைப் பனியில் செங்குத்தாக இறக்கித் திருகினால், அடித்தரை வரையிலுள்ள பனி முழுவதும் குழாய்க்குள் ஒரு தூணாக ஏறிவிடும். குழாயைப் பனியோடு தூக்கித் தராசில் மாட்டி நிறுத்து, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால், மிச்சம் பனியின் எடை. அதிலிருந்து அந்த இடத்தில் எத்தனை அங்குலம் ஜலம் நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். தராசிலேயே அங்குலக் குறிகள் போட்டுவிட்டால் கணக்குப் போடும் தொல்லைகூட இல்லை. இந்த அளவுக்கு நீர்ச்சமானம் என்று பெயர் சொல்லலாம். பனிப்பொதியைப் பற்றிய பேச்சில் முக்கியமான எண் இதுதான்.

சர்ச் இன்னொரு காரியமும் செய்தார். ஒரு மலையிலுள்ள பனி முழுவதையும் அளப்பது யாராலும் ஆகாது. ஆனால் குறிப்பிட்ட சில இடங்களில் வருஷந்தோறும் ஒரே மாதிரி அளந்து வந்தால், இந்த வருஷத்துப் பொதி சராசரியில் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லலாம். நதியிலே வரப்போகும் ஜலமும் ஏறத்தாழ அந்த விகிதத்தில்தான் இருக்கும் என்று அவர் கண்டார். அப்போது தாஹோ ஏரியைப் பற்றி ஒரு வழக்கு நடந்துவந்தது. ஏரியில் நீர் ஏறினால் கரையில் வீடு கட்டியவர்கள் முறையிட்டார்கள். நீரை முன்கூட்டித் திறந்து விட்டால், கீழே உள்ள விவசாயிகளும் மின்சாரக் கம்பெனியாரும் முறையிட்டார்கள். வசந்த காலத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்பதைப் பனியை அளந்து முன்னதாகவே சொன்னார் சர்ச். சச்சரவு தணிய அது வழி செய்தது. 1929-ல் கலிபோர்னியா சர்க்கார் மாகாணம் முழுவதற்கும் பனி அளவைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். இன்று தரையில் பதித்த திண்டுகள் தம்மேல் ஏறும் பனியின் பாரத்தைத் தாமே ரேடியோ மூலம் தெரிவிக்கின்றன; ஆகாய விமானத்திலிருந்து லேஸர் ஒளியை வீசியும் அளக்கிறார்கள். ஆயினும் குழாயையும் தராசையும் கைவிட்டபாடில்லை.

வெறும் புல்தரை

தாஹோ ஏரிக்குத் தெற்கே, 6,800 அடி உயரத்தில், பிலிப்ஸ் நிலையம் என்று ஓர் இடம் இருக்கிறது. 1941 முதல் அங்கே பனியை அளந்து வருகிறார்கள். பொதி உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி அளப்பதுதான் முக்கியமான அளவை. அந்தச் சமயத்தில் அங்கே சராசரியாக 5 அடிக்கு மேல் பனி கிடக்கும். 2015-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி மாகாணத்துக் கவர்னர் ஜெர்ரி பிரௌன் அங்கே வந்தார். அவர் நின்றது பழுப்பேறிய புல்தரையில். அளப்பதற்குப் பனியே இல்லை. அந்த இடத்தில் ஏப்ரல் அளவையின்போது அப்படி ஒரு நிலைமை அதுவரை ஏற்பட்டதில்லை. மாகாணம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது, பனிப்பொதி சராசரியில் நூற்றுக்கு 5 பங்குதான் இருந்தது. அதற்கு முன் பதிவான மிகக் குறைந்த அளவே நூற்றுக்கு 25. கவர்னர் அந்தப் புல்தரையில் நின்றுகொண்டே, நகரங்கள் தண்ணீர்ச் செலவை நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும் என்ற உத்தரவை அறிவித்தார். அந்த மாகாணத்தில் அத்தகைய கட்டாய உத்தரவு அதுவே முதல் தடவை.

எட்டு வருஷங்கள் கழித்துக் காட்சி தலைகீழாக மாறிற்று. 2023-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி அதே பிலிப்ஸ் நிலையத்தில் குழாயை இறக்கினார்கள். பனியின் உயரம் 126.5 அங்குலம், நீர்ச்சமானம் 54 அங்குலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுத்துப் பார்க்கட்டும். முன்னே நாம் சொன்ன பத்துக்கு நாலு என்ற கணக்குச் சரியாக வருவது தெரியும். சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையும் ஏறக்குறைய அந்த 54 அங்குலந்தான். அவ்வளவும் ஒரு மலைச்சரிவின்மேல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. மாகாணம் முழுவதற்குமான பொதி அந்த வருஷம் சராசரியில் நூற்றுக்கு 237. அது உருகி இறங்கியபோது, அநேக வருஷங்களுக்கு முன் வடித்து வயலாக்கப்பட்ட துலாரே ஏரி மறுபடியும் தலைகாட்டிற்று. பருத்தி விளைந்த இடத்தில் அலை அடித்தது.

நம் வடக்கு மலைகளில்

இமாலயத்தின் மேற்குப் பகுதியிலும் இதே வியாபாரம் நடக்கிறது. அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது பருவக் காற்று அன்று. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் புயற்சுழல்கள். காஷ்மீரத்திலும் ஹிமாசலத்திலும் டிசம்பர் முதல் மார்ச் வரை அவை சேர்த்துவைத்த பனி, சித்திரை, வைகாசி மாதங்களில் உருகி, ஜீலம், செனாப், ஸட்லெஜ் ஆகிய நதிகளை நிரப்புகிறது. 1963-ல் ஜவாஹர்லால் நேரு நாட்டுக்கு அர்ப்பணம் செய்த பக்ரா அணைக்கு வந்து சேரும் ஸட்லெஜ் ஜலத்தில் பாதிக்கு மேற்பட்டது பனியும் பனியாறும் உருகி வருவதே. பருவ மழை வந்து சேருமுன் பஞ்சாபின் வயல்களைக் காப்பாற்றுவது இதுதான்.

லடாக்கில் பனிப்பொதியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். லே நகரத்தில் ஒரு வருஷத்தில் பெய்வது 4 அங்குலத்துக்கு உட்பட்டது. சித்திரையில் வாற்கோதுமை விதைக்க ஜலம் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறுகளோ ஆனி மாதத்துக்குப் பிறகுதான் தாராளமாக உருகுகின்றன. குளிர்காலத்தில் ஓடையில் வீணாக ஓடும் ஜலத்தைக் கண்டார் சேவாங் நோர்பெல் என்ற பொறியியலாளர். அதைத் திருப்பி, நிழலான சரிவுகளில் தாழ்ந்த சுவர்களுக்குப் பின்னே தேக்கி, ஊருக்குச் சமீபத்திலேயே உறையவைத்தார். தாழ்வான இடமாகையால் விதைப்புக் காலத்திலேயே அது உருகும். 1987 முதல் அவர் இவ்விதம் பல கிராமங்களில் செயற்கைப் பனித்தேக்கங்களைக் கட்டினார். 2015-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னர் ஸோனம் வாங்சுக் என்பவர், குழாய் ஜலத்தைப் பீறிட்டு அடித்துக் கோபுரம்போல் உறையச் செய்யும் 'பனி ஸ்தூப'த்தை அமைத்தார். இயற்கை கட்டிய பொதி போதாதபோது கையாலே பொதி கட்டுகிறார்கள்.

பொதி இளைத்தால்

உலகத்தின் உஷ்ணம் ஏறிவருவதில் முதல் அடி விழுவது இந்தக் களஞ்சியத்தின்மேல்தான். உஷ்ணம் சற்று உயர்ந்தால், வானத்திலிருந்து விழும் ஜலம் குறையாமலே இருக்கலாம். ஆனால் பனியாக விழவேண்டியது மழையாக விழும். மழை நிற்காது; உடனே ஓடிவிடும். மிஞ்சிய பனியும் முன்னதாகவே உருகிவிடும். வருஷ முடிவில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் சரியாக இருக்கும். வேண்டிய மாதத்தில் கையில் இராது. தை மாதத்தில் களத்துமேட்டில் நெல் குவிந்தது உண்மை. குதிரில் வைக்கவில்லையென்றால் ஆடியிலே உலையேற்றுவது எப்படி?

இது வெறும் யூகம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பனி அளவை நிலையங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவற்றுள் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட நிலையங்களில் பொதி குறைந்து வந்திருக்கிறது. அந்தப் பிரதேசத்தின் வசந்த காலப் பனிப்பொதி, 1950-களிலிருந்து நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை இளைத்துவிட்டது. அத்தேசத்தின் மிகப் பெரிய செயற்கை நீர்த்தேக்கமான மீட் ஏரியின் கொள்ளளவுக்கு அது ஈடாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இமாலயப் பக்கத்திலும் எச்சரிக்கை வந்திருக்கிறது. 2024-ம் வருஷம் ஜனவரியில் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனியில் சறுக்கி விளையாட வந்தவர்கள் வறண்ட சரிவுகளைக் கண்டார்கள். பனி மாதக் கடைசியில்தான் வந்தது. 2024-25 குளிர்காலத்தில், இமாலயமும் அதை அடுத்த மலைகளும் அடங்கிய பிரதேசத்தில் பனி தரையில் தங்கியிருந்த காலம் சராசரியை விட நூற்றுக்கு 23.6 பங்கு குறைந்தது என்று காட்மாண்டுவிலுள்ள சர்வதேச மலை ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. 23 வருஷங்களில் அவ்வளவு குறைந்ததில்லை.

அணை உடைந்தால் ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். பனிப்பொதி இளைப்பது அப்படித் தெரியாது. ஒரு வருஷம் அது முழங்கால் வரை இருக்கும், மறு வருஷம் கூரையை மூடும். பார்ப்பவனுக்கு நிலைமை ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். ஐம்பது அறுபது வருஷம் ஒரே இடத்தில், ஒரே தேதியில், அலுக்காமல் குழாயை இறக்கி நிறுத்து எழுதி வைத்தவர்களுக்குத்தான் அதன் போக்குப் புலப்பட்டது. 2015-ல் நூற்றுக்கு 5 என்றும் 2023-ல் நூற்றுக்கு 237 என்றும் சொல்ல முடிந்ததற்குக் காரணமே, முன்னே போனவர்கள் எழுதி வைத்த நூறு என்ற சராசரி கைவசம் இருந்ததுதான். நம் இமாலயத்திலோ, அளக்கவேண்டிய சரிவுகள் எத்தனையோ இருக்கின்றன. குழாயை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் சிலர். மணாலியில் 1969-ல் ஏற்பட்ட பனி ஆராய்ச்சி நிலையம் போன்ற சிலவே அந்த வேலையைத் தொடங்கி வைத்தன. மலையேறுவதில் ஆசையும் கணக்கில் நிதானமும் உள்ள நம் வாலிபர்களுக்கு அங்கே வேலை நிறையக் காத்திருக்கிறது. ஒரு குழாயும் ஒரு தராசும், தவறாமல் வருஷந்தோறும் திரும்பிப் போகும் பொறுமையும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.